முளையிலேயே தெரியுமா?

ஏழு வயதுப் பையனை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அம்மா மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இடப்பக்கம் ஒரு சினிமாவின் காட்சிகள், வலப்பக்கம் மகன் செய்தவை. மொத்தம் பதினோரு வரிகள்.

"எட்டு ஒத்துப்போகிறது டாக்டர். இவனும் பெரியவனானால் யாரையாவது கொன்றுவிடுவானா?"

மூன்று மாதத்துக்குள் இதே கேள்வியோடு மனநல மருத்துவனான என்னிடம் வந்த நான்காவது பெற்றோர் இவர். பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அந்த அம்மா சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.)

படம், 'வீ நீட் டு டாக் அபவுட் கெவின்'. லயனல் ஷ்ரைவர் 2003இல் எழுதிய அமெரிக்க நாவலை வைத்து லின் ராம்சே இயக்கி 2011இல் வந்தது. பதினாறு வயதை ஒட்டிய கெவின் அப்பாவையும் தங்கையையும் பள்ளியில் இருந்த பலரையும் அம்பெய்து கொல்கிறான். மிச்சமிருக்கும் அம்மா ஈவா, கொலைகாரனைப் பெற்றவள் என்ற பெயரோடு அதே ஊரில் காலம் தள்ளியபடி, பழையதையெல்லாம் முன்னும் பின்னுமாக நினைத்துப் பார்ப்பதுதான் கதை. ஈவாவாக நடித்த டில்டா ஸ்விண்டனின் முகம் நாள் கணக்கில் கண்ணை விட்டுப் போகாது. நல்ல படம். நான் இரண்டு முறை பார்த்தேன். படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் அதைப் பரிசோதனை அறிக்கைபோல் படிக்கிறவர்கள் மேல்தான். "விளையும் பயிர் முளையிலேயே தெரியும்" என்று நால்வருமே சொன்னார்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பாராட்ட இருந்த பழமொழி, இப்போது வீட்டுக்குள் கொலைகாரனைத் தேடுவதற்குப் பயன்படுகிறது.

படத்தில் நாம் காணும் குழந்தை, ஈவாவின் நினைவில் இருக்கும் குழந்தை. நாவலிலும் அப்படித்தான்: எல்லாம் முடிந்த பிறகு அவள் கணவனுக்கு எழுதும் கடிதங்களாகவே அது நகர்கிறது. மகன் இத்தனை உயிரை எடுத்த பின்பு அவன் பந்து விளையாடிய நாளை நினைத்துப் பார்க்கும் தாய்க்கு, அந்தப் பந்திலும் விஷம் தெரியாமல் இருக்குமா? இரண்டு வயதுக் குழந்தையின் முறைப்பு அவளுக்குச் சாட்சி. உங்களுக்கும் எனக்கும் அது வெறும் முறைப்பு. இரண்டு வயதில் முறைக்காத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கைக்குழந்தை கெவின் ஓயாமல் அழுகிறான். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க, சாலையை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தள்ளுவண்டியோடு போய் நிற்கிறாள் ஈவா. அந்த இரைச்சலில் அவள் முகத்தில் வரும் நிம்மதியைப் பாருங்கள். "பார்த்தீர்களா, பிறவியிலேயே அப்படி" என்று இந்தக் காட்சியைத்தான் எனக்குச் சொல்கிறார்கள். பச்சைக்குழந்தைகள் காரணமே தெரியாமல் மணிக்கணக்கில் அழுவது ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானாக அடங்கும். என் கண் போவது தாயின் மேல். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பத்துத் தாய்மாரில் ஒருவருக்காவது வருகிறது, மருந்தும் பேச்சுமாகக் குணமாகக் கூடியது. "தூங்கினாயா? பிள்ளையைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஈவாவை ஒருவராவது உட்கார வைத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்தப் படத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: கெவினுக்குக் கை எப்படி உடைந்தது? பலரும் விழிப்பார்கள். மாற்றிய டயப்பரை உடனே அவன் மறுபடி அசுத்தம் செய்த ஆத்திரத்தில் ஈவா அவனைத் தூக்கி எறிகிறாள், கை உடைகிறது. அப்பாவிடம், தானே விழுந்துவிட்டதாக அவன் சொல்கிறான். பிள்ளை முறைத்தது மனதில் நிற்கிறது, அம்மா எறிந்தது நிற்பதில்லை. எலும்பு முறிந்த குழந்தை "நானே விழுந்தேன்" என்று சொன்னால் எங்கள் தொழிலில் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்போம். படத்தில் யாரும் கேட்கவில்லை. பார்க்கிறவர்களும் கேட்பதில்லை.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன். முதல் வரியே சிவப்பு மையில் இருந்தது: "ஏழு வயதிலும் உடையில் மலம் கழிக்கிறான். என்னைப் பழிவாங்க வேண்டுமென்றே."

வேண்டுமென்றே! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வருகிறது. கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகும் உடையை அழுக்காக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது மலச்சிக்கல். ஒருமுறை வலித்திருக்கும், அல்லது போக இடம் சரியில்லாமல் அடக்கியிருப்பான். அடக்க அடக்க மலம் இறுகிக் கட்டியாகும். கட்டி தங்கத் தங்க மலக்குடல் விரிந்து, 'இப்போது போக வேண்டும்' என்ற உணர்வே மங்கிவிடும். பிறகு மேலிருந்து வரும் இளகிய மலம் கட்டியைச் சுற்றிக்கொண்டு கசியும். கசிந்தது பிள்ளைக்கே தெரியாது. நாற்றம் பழகிப்போயிருப்பதால் அதுவும் தெரியாது. "தெரியவில்லை" என்று அவன் உண்மையைச் சொல்கிறான், பொய் சொல்கிறான் என்று அடி விழுகிறது. அடிக்குப் பயந்து உள்ளாடையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். ஒளித்ததைக் கண்டுபிடித்ததும் "பாருங்கள் டாக்டர், எவ்வளவு தந்திரம்" என்று தாளில் இன்னொரு வரி ஏறுகிறது. பதினொன்றில் இரண்டு இப்படியே வந்தவை.

படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் அந்தத் தாளில் இருந்தது. அது தாளில் ஏறியதற்கு இந்தப் படம் மட்டும் காரணமில்லை. படுக்கையை நனைப்பது, நெருப்பு வைப்பது, விலங்குகளை வதைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிற்காலக் கொலைகாரன் என்று ஒரு கருத்து உண்டு. ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963இல், கொலை மிரட்டல் விடுத்த நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது தேறவில்லை. துப்பறியும் தொடர்கள் மட்டும் இன்னும் விடவில்லை. ஐந்து வயதில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள். அத்தனை பேரும் கொலைகாரர்களானால் வகுப்புக்கு நான்கைந்து பேர் இருப்பார்கள்.

விலங்கை வதைப்பதையும் நெருப்பு வைப்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப நடந்தால் உடனே அழைத்து வாருங்கள். பல சமயம் அந்தக் குழந்தை தானே எங்கோ அடி வாங்கிக்கொண்டிருக்கும், அல்லது வீட்டில் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, 'சைக்கோ'. இந்தச் சொல்லைப் பிள்ளையின் முன்னால் சொல்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நான் பேச்சைத் தொடங்குவது. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரைப் பதினெட்டு வயதுக்கு முன்னால் எங்கள் நோயறிதல் கையேடு யாருக்கும் வைக்க விடுவதில்லை. குழந்தைகளுக்கு இருப்பது நடத்தைக் கோளாறு என்ற பெயர். அதற்கும் ஓராண்டுக் கால நடத்தையை ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் விசாரிப்போம். அந்தப் பெயர் கிடைத்த பிள்ளைகளிலும் பலர் வளர வளரத் திருந்திவிடுகிறார்கள். குற்ற உணர்வோ இரக்கமோ குறைவாக உள்ள சிலர் உண்டு, அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அவர்களிடம் அடியும் மிரட்டலும் பலிப்பதில்லை, பாராட்டும் கனிவும் ஓரளவு பலிக்கும். ஆனால் உங்கள் பையன் அந்தச் சிலரில் ஒருவனா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் முன்கூட்டி எதுவுமே தெரியாதா? தெரியும். முகத்தில் தெரியாது, அவ்வளவுதான். அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை அங்கே பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவர்கள் 41 பேர். இன்ன குணம், இன்ன குடும்பம் என்று எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அச்சு கிடைக்கவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு தாக்குதல்களில், நடக்கப்போவது முன்பே யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு. தாக்கியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அதற்கு முன் தற்கொலையை நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள். மூன்றில் இரண்டு பேருக்கு மேல் துப்பாக்கி கிடைத்தது சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ.

இதை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். விளையாட்டு வில்லில் தொடங்கி நிஜ வில் வரை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. மூட்டை மூட்டையாக சைக்கிள் பூட்டுகள் வீட்டுக்கு வந்து இறங்குகின்றன. விற்று லாபம் பார்க்கப்போகிறான் என்று அப்பா நம்புகிறார். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் கதவுகளுக்கு அவைதான் பூட்டு. தங்கையின் கண் போகிறது. கண்ணைக் கெடுத்த, குழாய் அடைப்பு நீக்கும் ரசாயனத்தை யார் வெளியே வைத்தது என்று அம்மாவும் அப்பாவும் சண்டை போடுகிறார்கள். பையனை யாரிடமும் கூட்டிப் போகவில்லை. பயப்பட வேண்டியது இங்கே, தொட்டிலில் அல்ல.

ஆகவே, தயவுசெய்து: ஆயுதமாகக் கூடிய எதையும் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். மருந்துகளையும் பூச்சிமருந்தையும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளை யாரையாவது கொல்லப்போவதாகவோ தான் சாகப்போவதாகவோ சொன்னால், எழுதினால், வரைந்தால், 'சும்மா சொல்கிறான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். நாள், இடம், ஆள், வழி என்று விவரம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அவனுடைய நண்பன் வந்து எதையாவது சொன்னால் அவனைக் கோள் சொல்கிறவன் என்று விரட்டாதீர்கள்.

அறைக்குள் அடைந்து கிடக்கும், எரிந்து விழும் பதின்வயதுப் பிள்ளை உங்களைக் கொல்வான் என்ற பயத்தைத் தள்ளி வையுங்கள். அந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். அவன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் ஆபத்துதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலைக்கு மூன்றாம் இடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பதில் வந்தால் அதட்டாமல், பக்கத்திலேயே இருங்கள்.

பிறகு, தாய்மாருக்கு: பெற்ற பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதையும் எங்களிடம் சொல்லலாம். இந்த அறையில் அதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். கூரை இடிந்து விழவில்லை.

அந்தப் பையனை உள்ளே கூப்பிட்டேன். ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். பள்ளியில் கழிப்பறைக்குப் போவாயா என்றதற்குத் தலையை ஆட்டினான், இல்லை என்று. ஏன் என்றேன். "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய பையன்கள் திறந்து பார்த்துச் சிரிப்பார்கள்." மனநல மருத்துவனும் முதலில் மருத்துவன்தான். படுக்க வைத்து வயிற்றைத் தொட்டேன். இடப்பக்கம் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி. அம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன்.

குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். மலமிளக்கி தொடங்கியிருக்கிறார், பல மாதம் தொடர வேண்டியிருக்கும். சாப்பிட்ட பின் பத்து நிமிடம், காலுக்கு முக்காலி வைத்து, அதட்டல் இல்லாமல் கழிப்பறையில் உட்கார வைக்க வேண்டும். பள்ளிக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். சினிமாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கீழ்த்தளக் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள் என்று மட்டும். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் போடவில்லையாம். நேற்று இரண்டாவது கடிதம் அனுப்பினேன்.