பம்பரைக் காக்கும் கம்பி ஆளைக் காக்குமா?

மின்சார பிக்கப் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பது: "முன்னால கார்டு போடலாமா?" பள்ளிகொண்டா பக்கம் ராத்திரியில் மாடு குறுக்கே வருவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் குழாய்த் தடுப்பான குழாய் கார்டு வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தைவிட இயற்பியல் கறார்.

சரக்கோடு 2,000 கிலோ வண்டி, மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர். இயக்க ஆற்றல் 1,00,000 ஜூல். மோதும்போது முகப்பு 50 செ.மீ. நசுங்கி வண்டி நின்றால் சராசரி விசை 2,00,000 நியூட்டன். 10 செ.மீ.யிலேயே நின்றால் அதைப்போல் ஐந்து மடங்கு. பெல்ட்டின் நெகிழ்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 70 கிலோ ஓட்டுநரின் நெஞ்சில் விழும் இழுப்பு முதல் கணக்கில் சுமார் 700 கிலோ எடைக்குச் சமம், இரண்டாவதில் 3,500.

அந்த 40 செ.மீ. வித்தியாசத்தைத் தருவதற்காகத்தான் பல வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் மெல்லிய தகட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. மோதினால் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். ஸ்பிரிங்காக இருந்தால் வாங்கிய ஆற்றலைத் திருப்பி உதைக்கும். வளைந்த இரும்போ அதை வெப்பமாக்கித் தீர்த்துவிடும். உடைவதற்கென்றே இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொருள் வண்டியில் வேறில்லை! வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் நேராக போல்ட் அடித்த கார்டு இந்தப் பெட்டிகளைத் தாண்டி அடியைச் சேசிஸுக்கே கடத்திவிடும்.

ஏர்பேக் சென்சாரும் குழம்பும். வேகம் குறையும் விதத்தைப் பார்த்து 20, 30 மில்லி வினாடிக்குள் அது முடிவெடுக்கிறது. அந்த விதத்தையே கார்டு மாற்றிவிடுகிறது. சின்ன இடிக்கு வெடிக்கலாம், பெரிய இடிக்குத் தாமதிக்கலாம். குறுக்கே வந்தவர் மேல் படுவதும் நசுங்காத குழாய்தான்.

பயணியர் கார்களுக்கு 2023 அக்டோபர் முதல் மோதல் சோதனையில் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் நட்சத்திரம் இருக்கிறது, பிக்கப்புக்கு இல்லை. சரக்கு ஓட்டுகிறவன் உயிர் என்ன இளப்பமா? சோதனைக்குப் பணம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான்.

முன்னால் இருப்பதை ரேடியோ அலையால் கண்டறியும் ரேடார் உள்ள வண்டியில் இன்னொரு சங்கடம். அதன் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். குழாய் அதைத் திருப்பியடிக்கும். ஈரமான எலுமிச்சை, மிளகாய் உறிஞ்சிக்கொள்ளும். திருஷ்டிக்குக் கட்டியது வண்டியின் கண்ணை மறைக்கிறது.

பாதுகாப்பு வேண்டுமென்றால், அந்த மாடலுக்கென்று கம்பெனியே விற்கும் அடித்தகடும் முகப்பு வலையும் போதும். வலையின் துளையை, அதாவது கண்ணைக் கவனியுங்கள். 1 மி.மீ. கம்பியில் 6 மி.மீ. கண் இருந்தால் காற்றுக்கு 73 சதவீத இடம் திறந்திருக்கும், 2 மி.மீ. கண்ணில் 44தான். திரவக் குளிரூட்டல் உள்ள வண்டியில், வெளிக்காற்றைவிடக் கீழே பேட்டரியைக் குளிர்விக்க ரேடியேட்டரால் முடியாது. வெப்பத்தை வெளியே தள்ளும் ஏசி கண்டென்சர்தான் கை கொடுக்கும். வேலூர் கத்திரி வெயிலில் அதன் மூச்சை அடைக்காதீர்கள்.

"ஒரு டாக் வெல்டிங்தான்" என்று பட்டறையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெல்டிங் மின்னோட்டம் வயரிங் வழியே மின்னணு கண்ட்ரோல் யூனிட்டுக்குள் புகலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளை நகர்த்தவோ அதோடு சேர்த்துக் கட்டவோ கூடாது. சாவியை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் சில நிமிடம் நிற்கும். ஏற்கெனவே உள்ள துளைகளில் மட்டும் 8.8 வலிமைத் தர போல்ட் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். 10 மி.மீ. விட்டமுள்ள எம்10 போல்ட்டுக்குப் பொதுவாக 45 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி ரெஞ்சு வையுங்கள், அதிர்வில் முதலில் இளகுவது அவைதான்.