பூம்பாறை மூடுபனியில் ஒரு கை விளக்கு

திண்டுக்கல்லில் மதியம் இரண்டு மணிக்கு, படம் எடுக்க வாங்கிய எல்இடி விளக்கை முதன்முதலில் போட்டபோது, எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. 60 வாட், பேட்டரியில் ஓடுவது, ஒரு கையில் தூக்கிவிடலாம். நண்பனை வெயிலில் நிறுத்தி, ஒரு மீட்டர் தள்ளி விளக்கைப் பிடித்து எடுத்தேன். போட்டு எடுத்த படத்துக்கும் போடாமல் எடுத்த படத்துக்கும் வித்தியாசமே இல்லை. காசு போச்சு என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் கழித்து, கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறையில், மாலை ஐந்தரைக்கு மூடுபனி இறங்கிய பிறகு, பூண்டு விற்கும் பாட்டி ஒருவரை அதே விளக்கில் எடுத்தேன். வெளிச்சம் அதிகமாகிப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது.

விளக்கு அதேதான், எதிராளி மாறிவிட்டார். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். உச்சிவெயில் தரையில் கொட்டுவது சுமார் 1,00,000 லக்ஸ். ஒளியைப் பரப்பி மென்மையாக்க, வெள்ளைத் துணி போட்ட பெட்டியான சாப்ட்பாக்ஸ் மாட்டினால் என் விளக்கு ஒரு மீட்டரில் தருவது இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸ்தான். சூரியனோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் மூடுபனி மாலையில் சுற்றியுள்ள வெளிச்சம் சில நூறு லக்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே அந்த இரண்டாயிரம் பெரிய தொகை.

அப்படியானால் ஃபிளாஷ் மட்டும் எப்படி வெயிலைச் சமாளிக்கிறது? கேமரா ஷட்டர் 1/125 வினாடி திறந்திருக்கிறது என்று வையுங்கள். 60 வாட் விளக்கு அந்த நேரத்தில் செலவிடுவது அரை ஜூல் மின்சாரம். கேமரா மேல் மாட்டும் பெரிய ஃபிளாஷோ, சேர்த்து வைத்த 60, 70 ஜூலை ஒரே வெட்டில் கொட்டிவிடும். மின்சாரத்தை ஒளியாக்குவதில் எல்இடி எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் இந்த நூறு மடங்கு இடைவெளி அடையாது. தொடர்ந்து எரியும் விளக்கின் லாபம் வேறு: மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்பது படம் எடுக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியும். கண்பாவையும் வெளிச்சத்துக்குச் சுருங்கிவிடுவதால் கருவிழியின் பழுப்பு நிறம் படத்தில் நன்றாக வரும்.

வாட் போதவில்லை என்றால் பெரிய விளக்கு வாங்க ஓடாதீர்கள், கிட்டே போங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் பதினாறு மடங்கு. இன்னொரு லாபமும் உண்டு. பாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால், அரை மீட்டரில் உள்ள சாப்ட்பாக்ஸ் ஒரு ஜன்னல் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். ஒளி பல திசைகளிலிருந்து வந்து விழும், சுருக்கங்களின் நிழல் ஓரம் மழுங்கும். அதே பெட்டி மூன்று மீட்டர் தள்ளிப் போனால் டார்ச் லைட் மாதிரிதான்.

சரி, மூடுபனிக்கு வருவோம். அதுவே ஒரு மாபெரும் சாப்ட்பாக்ஸ். அப்புறம் விளக்கு எதற்கு? பனிக்குள் வரும் ஒளியில் பெரும்பங்கு மேலிருந்து வருகிறது. நெற்றி வெளுக்கும், கண்குழி இருளும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் வைக்கத்தான் கை விளக்கு. அதை எங்கே பிடிப்பது என்பதில்தான் நான் ஒரு மாலை முழுவதையும் வீணடித்தேன். கேமராவுக்குப் பக்கத்திலேயே பிடித்தேன். படத்தில் பாட்டி ஒரு வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருந்தார்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பனியில் ஹை பீம் போட்டால் முன்னால் சுவர் எழும்பும். பனித்துளிகளின் குறுக்களவு, ஒளியின் அலைநீளத்தைப் போல் பல மடங்கு. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். சிதறும் ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கியே போகும், கொஞ்சம்தான் திரும்பி வரும். பார்ப்பவரின் அருகிலேயே விளக்கு இருந்தால் அந்தக் கொஞ்சமே போதும், படம் கெட்டுவிடும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தால் திரை விலகும். பாட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பாருங்கள்: முன்னோக்கிச் சிதறும் ஒளியெல்லாம் கேமரா பக்கம் வந்து, தலையைச் சுற்றி பனியே ஒளிரும்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. 1990களில் நீல எல்இடி கைகூடிய பிறகே இது சாத்தியமானது. 2014இல் அதற்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல ஒளியில் ஒரு பகுதியை மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து வெள்ளை. கண் ஏமாந்துவிடும், நிறமாலை ஏமாறாது. இதே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். மலிவான எல்இடியின் ஒளியை அப்படிப் பிரித்தால் நீலத்தில் ஒரு கூர்முகடு, மஞ்சளில் ஒரு மேடு, ஆழ்சிவப்பில் பள்ளம் தெரியும். நம் தோலின் களை அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அது குறைந்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் வரும், குங்குமப் பொட்டு பழுப்பாகிவிடும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண் சிஆர்ஐ. பெட்டியில் ‘சிஆர்ஐ 95’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்தச் சராசரி எட்டு வெளிர்நிறங்களுக்கானது. ஆழ்சிவப்புக்கான ஆர்9 எண்ணைத் தனியாகத் தேடுங்கள்.

குளிரில் எல்இடிக்குக் கொண்டாட்டம், சில்லு சூடாகாதவரை திறன் குறையாது. திண்டாட்டம் லித்தியம் பேட்டரிக்குத்தான். உள்ளே அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, முழுதாக இறங்கும் முன்பே விளக்கு அணைந்துவிடும். அன்று இரண்டாவது பேட்டரியை நான் பையில் வைத்திருந்தேன். அதைப் பாட்டி வாங்கித் தன் கம்பளிக்குள் செருகிக்கொண்டார். “செல்போனையே இப்படித்தான் வச்சிருக்கேன் தம்பி” என்றார்.