பயோகேஸ்: உயிர்வாயுவா, உயிரி எரிவாயுவா?

மீந்த உணவிலிருந்து எடுக்கும் பயோகேஸைச் சிலர் தமிழில் 'உயிர்வாயு' என்று எழுதுகிறார்கள். பயோ என்றால் உயிர், கேஸ் என்றால் வாயு, கணக்கு சரிதான். ஆனால் உயிர்வாயு, உயிர்வளி, பிராணவாயு எல்லாமே தமிழில் ஏற்கெனவே ஆக்சிஜனுக்கு வழங்கும் பெயர்கள். மீந்த உணவைப் போட்டு மூடிவைக்கும் பயோகேஸ் கலனுக்குள் நுழையவே கூடாதது அந்த ஆக்சிஜன்தான். அதன் பெயரையே இதற்கும் சூட்டினால் படிக்கிற பிள்ளை என்னவென்று புரிந்துகொள்ளும்?

'உயிரி எரிவாயு' என்பதே நல்ல பெயர். உயிர் வேறு, உயிரி வேறு. உயிரி என்றால் உயிருள்ள ஒன்று. இங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அவை உண்டாக்குகிற, எரியக்கூடிய வாயு. பெயரிலேயே வேலை விளங்கிவிடுகிறது.

'கேஸ்' என்ற சொல்லை 17-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் வேதியியல் ஆய்வாளர் வான் ஹெல்மான்ட். 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்தான் அதற்கு மூலம். தமிழில் இதற்கு 'வளி' இருக்கிறது. ஐம்பூதங்களை அடுக்கிச் சொல்லும் புறநானூற்றின் 2-ஆம் பாட்டில் 'வளித் தலைஇய தீயும்' என்று வருகிறது. அதனால் 'எரிவளி' என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். இருந்தாலும் அடுப்படி வரை வந்து பழகிவிட்ட 'எரிவாயு'வை மாற்றச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், 'அனரோபிக் டைஜெஷன்'. கலனுக்குள் உணவு வாயுவாக மாறுகிற முறைக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர். காற்றின்றி வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றி ஆராய்ந்த லூயி பாஸ்டர் 1860-களில் அவற்றுக்குக் கொடுத்த பெயர்தான் அனரோபிக். இதைக் 'காற்றில்லாச் செரிமானம்' என்று எழுதலாம். 'மட்குதல்' என்று எழுதுவது பொருந்தாது. உரக்குழியில் நடக்கும் மட்குதலுக்குக் காற்று வேண்டும். செரிமானம் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அந்தக் கலன் உண்மையிலேயே ஒரு வயிறு போல வேலை செய்வதுதான். மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் முதலில் சிறு மூலக்கூறுகளாக உடைகின்றன. அவை அமிலங்களாகின்றன, அந்த அமிலங்கள் பெரும்பாலும் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. கடைசியில் ஆர்க்கியா என்னும் தனி வகை நுண்ணுயிரிகள் அவற்றிலிருந்து எரியக்கூடிய மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய 50 முதல் 70 விழுக்காடு மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கொஞ்சமாகக் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடால்தான் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

இந்த வயிற்றுக்கு அஜீரணமும் வரும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேகமானவை, மீத்தேன் உண்டாக்குபவை மெதுவானவை. ஒரே நாளில் அளவுக்கு மீறி மிச்ச உணவைக் கொட்டினால் அமிலம் தேங்கிவிடும். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் புளித்த வாடை. அடுப்பைத் திருகினால் நீலச் சுடர் எழாது, எழுந்தாலும் நிற்காது. சில நாள் பட்டினி போட்டால் பெரும்பாலும் தானே தேறிவிடும். நம் வயிற்றுக்குச் செய்கிற அதே வைத்தியம்!

'சாண எரிவாயு' என்ற பழைய பெயரையும் சொல்லியாக வேண்டும். சாணத்திலிருந்து எடுத்தால் அது சரியான பெயர். உணவுக்கழிவுக்கு அது ஒட்டாது. சாணம் மாட்டின் வயிற்றில் ஒருமுறை செரித்து முடிந்த பொருள். அதே எடையுள்ள உணவுக்கழிவு அதைவிடக் கூடுதல் வாயு தரும். ஆனாலும் புதிய கலனைத் தொடங்கும்போது சாணக் கரைசலைத்தான் முதலில் ஊற்றுவார்கள், நுண்ணுயிரிகள் பெருகுவதற்காக. 'இனாகுலம்' என்று பாடநூல்கள் சொல்லும் இதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். பாலைத் தயிராக்க ஊற்றுகிறோமே, அதே 'உறை'தான் இதுவும்.