பிறந்த இடத்திலேயே மடியும் புற ஊதா ஒளி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளின் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியில் எரிவது பாதரச ஆவி விளக்கு. 254 நானோமீட்டர் அலைநீளத்தில் அது வீசும் புற ஊதா ஒளி, கிருமிகளின் டி.என்.ஏ.வைச் சிதைத்து அவற்றைப் பெருகவிடாமல் செய்கிறது. பாதரசமே இல்லாமல் ஒரு சிறு எல்.இ.டி. சில்லும் இதைச் செய்யும். குழாயைத் திறந்த கணமே எரியும், மூடினால் அணையும்.

பிறகு ஏன் எல்லாரும் மாறவில்லை? நல்ல நீல எல்.இ.டி. வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாக்குகிறது. 280 நானோமீட்டருக்குக் கீழே ஒளிரும் சில்லுகளில் பெரும்பாலானவை பத்து சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. மிச்சமெல்லாம் வெப்பம், அந்த வெப்பம் சில்லின் ஆயுளையும் தின்கிறது.

முதல் கோளாறு படிகத்தில். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றித்தான் தரைக்கல் வார்க்கிறார்கள். கண்ணாடியில் கீறல் இருந்தால் கல்லின் முகத்திலும் அது விழும். சில்லில் ஒளியை உண்டாக்கும் அலுமினியம் காலியம் நைட்ரைடு படிகமும் அப்படித்தான், அடியில் இருப்பதைப் பார்த்தே வளர்கிறது. வழக்கமான அடித்தளமான சபையரின் அணு இடைவெளி இதற்கு ஒத்துப்போவதில்லை. அதனால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி, நூறு கோடி என்று அணு வரிசையில் பிசகுகள் விழுகின்றன. எலக்ட்ரானும், எலக்ட்ரான் இல்லாத காலியிடமான மின்துளையும் சந்தித்தால்தான் ஒளி. பிசகுகளில் சந்தித்தால் ஒளி பிறக்காது, சூடுதான் மிஞ்சும். ஜப்பானின் மியே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடிப்படலத்தைச் சுமார் 1700 டிகிரி செல்சியஸில் சுட்டு, பிசகுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகப் படுவது மின்துளைகளின் பஞ்சம். படிகத்தில் அலுமினியம் கூடக்கூட, அவற்றைத் தருவதற்காகச் சேர்க்கப்படும் மெக்னீசியம் கை கொடுப்பதில்லை. அதனால் மேலே காலியம் நைட்ரைடு அடுக்கு ஒன்றைப் போடுகிறார்கள். மின்சாரம் நன்றாகப் பாய்கிறது. ஆனால் 365 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியை அந்த அடுக்கே விழுங்கிவிடுகிறது. பாடுபட்டு உண்டாக்கிய ஒளியில் பாதி மேல்நோக்கிப் போய் அங்கே மடிவதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஒளி ஊடுருவும் அடுக்கும், அதன்மேல் புற ஊதாவை நன்கு திருப்பியனுப்பும் அலுமினியமும் வைப்பதே சரியான வழி. அந்த ஊடுருவும் அடுக்கை அலுமினிய அளவைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே வளர்த்தால், படிகத்தின் உள்மின்புலமே மின்துளைகளைத் திரட்டித் தருகிறது என்பது இந்தத் துறையின் அழகான கண்டுபிடிப்பு.

தப்பிய ஒளிக்கும் வாசல் குறுகல். செங்குத்திலிருந்து சுமார் 25 டிகிரிக்குள் வந்தால்தான் வெளியேறும். மற்றதெல்லாம் உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்துத் திரும்பும். பரப்பைச் சொரசொரப்பாக்குவது ஓரளவு உதவும். இழப்புகள் ஒன்றோடொன்று பெருகுகின்றன: மூன்று கட்டங்களில் பாதி பாதியாகப் போனாலே மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. ஒரு கட்டத்தை மட்டும் சீராக்கிப் பயனில்லை.

இன்றைய சில்லுகள் வீட்டுக் குழாயின் மெல்லிய நீரோட்டத்துக்குப் போதும். ஊரணி நீரை வடிகட்டித் தெளியவைத்து ஊர் முழுவதற்கும் தரும் தொட்டிக்கு, இப்போதைக்குப் பாதரச விளக்கே கட்டுப்படியாகிறது.