ஓடி முந்தினால் ‘அவுட்ரன்’

கிளிநொச்சிப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரியில் ஒரு சோடி பக்கத்துச் சோடியை ஓடி முந்திவிட்டால் திடலே எழுந்து கத்தும். ஆங்கிலத்தில் இதற்கு ‘அவுட்ரன்’ என்ற ஒரே வினை போதும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் கூடவே ‘தான்’ (than) என்ற ஆங்கில ஒப்பீட்டுச் சொல்லையும் போட்டுவிடுகிறார்கள். ‘அதை விட வேகமாக’ என்று மனம் முதலில் நினைத்துவிடுகிறது. அந்த ‘தான்’ அங்கே பிழை.

‘சிங்’ என்றால் பாடு. பாட்டைப் பாடலாம், ஆளைப் பாட முடியாது. முன்னால் ‘அவுட்’ ஒட்டியதும் நிலைமை மாறுகிறது: பாட்டுக்கு அங்கே இடமில்லை, தோற்ற ஆள் நேரே செயப்படுபொருளாக வந்துவிடுகிறார். அதாவது வாக்கியத்தை நடத்துவது அந்தச் சின்ன முன்னொட்டுத்தான். ‘முந்து’ என்ற பொருள் அதில் இருக்கிறது. எதைச் செய்து முந்தினார் என்பதை மட்டும் பின்னால் வரும் வினை சொல்கிறது.

இந்தக் கட்டு தமிழிலேயே உண்டு. ‘சோடியை ஓடி முந்தியது’ என்பதில் ‘ஓடி’ வெறும் வினையெச்சம்; ‘சோடியை’ என்ற இரண்டாம் வேற்றுமை ‘முந்தியது’ என்ற முற்றுக்கு உரியது. வரிசை மட்டும் தலைகீழ். ரியூசன் வகுப்பில் ‘விட’ வாக்கியங்களை விட்டுவிட்டு ‘ஓடி முந்து, பாடி வெல்’ என்று தொடங்கினால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, ‘அவுட்க்ரோ’? வருடத் தொடக்கத்தில் தைத்த வெள்ளைச் சேட்டு ஆண்டு முடிவதற்குள் பொடியனுக்கு இறுகிவிட்டால், அவன் அதை ‘அவுட்க்ரோ’ செய்துவிட்டான். சேட்டு அவனோடு போட்டிக்கு வரவில்லை. உடம்பின் அளவு சேட்டின் அளவைத் தாண்டியது, அவ்வளவுதான். ஆக, இந்த முன்னொட்டு அடிப்படையில் இரண்டு அளவுகளை ஒப்பிடுகிறது. ‘அவுட்லிவ்’ என்றால் ஒருவரின் ஆயுள் மற்றவரின் ஆயுளைத் தாண்டுவது. ‘அவுட்நம்பர்’ என்றால் எண்ணிக்கை.

இறந்தகாலம் மூல வினையைப் பின்பற்றும்: ‘டூ, டிட், டன்’ போலவே ‘அவுட்டூ’, ‘அவுட்டிட்’, ‘அவுட்டன்’.

‘சிறந்து விளங்கு’ என்ற பொருளில் வரும் ‘எக்செல்’ (excel) என்ற வினைக்கு வேறு குணம். ‘மேலெழு’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. இன்றைய வழக்கில் அது தோற்றவரைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கணக்கில் சிறந்தாள் என்று ‘அட்’ அல்லது ‘இன்’ போட்டுத் துறையைச் சொன்னால் போதும். சாதாரணமாக அது ஏற்கும் செயப்படுபொருள் ‘தன்னை’ மட்டுமே. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு மாணவி தன் பழைய பாய்ச்சலை எல்லாம் தாண்டிப் பாய்ந்தால், அவள் தன்னையே ‘எக்செல்’ செய்துவிட்டாள் என்று எழுதலாம்.