வடசென்னையின் காலடி மண்: பள்ளி மாணவர்கள் அறிய வேண்டியவை

கட்டடம் எழவிருக்கும் மனையில் துளையிட்டு, ஆழத்திற்கேற்ப மண் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து, அந்நிலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்வது என் தொழில். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை அதிக ஆழமின்றியே எதிர்ப்படும். தண்டையார்பேட்டையில் மணலும் பெரம்பூரில் களிமண்ணும் வரும். பாறை சிதைந்து மண் உண்டாகிறது என்று படிக்கும் வடசென்னை மாணவர்கள், தம் ஊரில் பாறையே கண்ணில் படவில்லையே, அப்படியானால் இந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மண்ணியலின் பாதிப் பாடம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பகல் வெப்பத்தில் விரிந்து இரவில் சுருங்கும் பாறையில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பில் இறங்கும் மழைநீர் கனிமங்களைக் கரைக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்கள் சுரக்கும் அமிலங்களும் அதை மேலும் நெகிழச் செய்கின்றன. சிதைந்த பொருள் இருந்த இடத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு, ஆறும் கடலும் காற்றும் அதைச் சுமந்து சென்று வேறிடத்தில் படியவிடுவதும் உண்டு. வடசென்னை மண் பெரும்பாலும் இரண்டாம் வகை. கொசஸ்தலையாறு மேற்கிலிருந்து கொண்டுவந்த வண்டலும், அலைகள் ஒதுக்கிய மணலும், உப்பங்கழிகளில் படிந்த சேறும் சேர்ந்ததே இந்நிலம் என்பதால்தான், கடலோர மனைகளின் களிமண்ணில் சிப்பித் துண்டுகள் கிடைக்கின்றன. தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் கூடியே மண்ணை உருவாக்குகின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்ய அறிஞர் டோக்குசாயேவ் வகுத்த அடிப்படை. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகவே நூற்றாண்டுகள் தேவைப்படலாம்.

செம்மண், கரிசல், வண்டல், சரளை என்ற வகைகளைப் பாடநூலே சொல்லிவிடும். துகளின் அளவையும் சேர்த்துக் கவனியுங்கள். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மணல், 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் களிமண். இடைப்பட்டது வண்டல் துகள். மணலில் நீர் உடனே இறங்கிவிடும். களிமண் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்பும், கோடையில் சுருங்கும். போதிய ஆழமின்றி அடித்தளமிட்ட வீடுகளின் சுவர்களில் விரிசல் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பல மனைகளில் முதல் சில அடிகளுக்கு இயற்கை மண்ணே கிடைப்பதில்லை. தாழ்ந்த நிலத்தை மேடாக்கக் கொட்டிய ரப்பிஷ் என்னும் கட்டட இடிபாடும் சவுடு என்னும் நிரப்பு மண்ணும்தான் வருகின்றன. நல்ல மேல்மண்ணின் பருமனில் ஏறத்தாழ 45 விழுக்காடு கனிமம், 5 விழுக்காடு கரிமப்பொருள், மீதிப் பாதி காற்றும் நீரும். அந்தப் பாதியில்தான் வேரும் மண்புழுவும் மழைநீரும் இடம் கொள்கின்றன. பள்ளி வளாகம் முழுவதற்கும் சிமென்ட் தளம் போடும்போது நாம் மூடுவது அந்த இடத்தைத்தான் என்பதால், மரத்தடியை மட்டுமாவது திறந்துவிடும்படி கேட்பது மாணவர்களின் உரிமை என்று கருதுகிறேன்.

மண் அரிப்பைக் காண மலைச்சரிவுக்குப் போக வேண்டியதில்லை. நம் கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் அதை மறித்தபின் மெரினா அகலமானது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. கருங்கல் தடுப்பும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும் அதன் விளைவாகவே வந்தன. ஓரிடத்தில் மண்ணின் ஓட்டத்தைத் தடுத்தால் வேறோர் இடம் அதற்கு விலை கொடுக்கிறது.

மாசு இதைவிடக் கவலை தருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது. களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களின் நேர்மின் அயனிகளை அவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. எனவே வெள்ளம் வடிந்த பிறகும் நஞ்சு சேற்றில் தங்கிவிடுகிறது.

உங்கள் தெரு மண்ணை நீங்களே அறியலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும், அடுத்த சில மணி நேரத்தில் வண்டல் துகள் படியும், களிமண் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்து விகிதம் கணக்கிடுங்கள். பள்ளித் தோட்டத்தில் உதிரும் இலைகளை எரிக்காமல் குழியில் மட்கவிட்டு அதே மண்ணில் சேருங்கள். ஆனால் பழைய பேட்டரி உடைத்த இடத்திலும் மின்கம்பி எரித்த இடத்திலும் கீரை விதைக்க வேண்டாம். அங்கே சேர்ந்திருக்கக்கூடிய ஈயம் கண்ணுக்குத் தெரியாது, மட்கி மறைவதும் இல்லை. ஆய்வகத்தில் சோதித்து முடிவு தெரியும் வரை, நல்ல மண் நிரப்பிய தொட்டிகளில் வளர்ப்பதே பாதுகாப்பானது.