பத்தாம் வகுப்பு கணிதத் தாளை சிபிஎஸ்இ எப்படித் திருத்துகிறது? விடைத்தாள் நகல் வாங்கினால் எங்கே பார்க்க வேண்டும்?

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு கணிதத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், பள்ளியின் அக மதிப்பீட்டுக்கு 20. வினாத்தாளில் 38 கேள்விகள்: ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 5, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 4, நான்கு மதிப்பெண்ணுக்கான சூழல் சார்ந்த கேள்விகள் 3. இந்த 80-ஐப் போடுவது முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர். அவருக்கு வாரியம் கொடுக்கும் விதிகளும் விடைக்குறிப்பும் ரகசியமில்லை. வாரியத்தின் இணையதளத்திலேயே பின்னர் வெளியாகின்றன. ஆனாலும் மார்க் குறைந்துவிட்டதே என்று வருந்தும் பெற்றோரில் பலர் அந்தப் பக்கங்களைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

திருத்துபவர் எல்லோரும் ஒரே அளவுகோலில் திருத்த, முதல் நாளே ஒரு சோதனை உண்டு. ஒவ்வொருவரும் திருத்தும் முதல் ஐந்து விடைத்தாள்களைத் தலைமைத் தேர்வாளர் பார்க்கிறார். விடைக்குறிப்பிலிருந்து விலகல் தெரிந்தால் பேசி, அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மீதித் தாள்கள் கைக்கு வரும். முக்கியப் பாடங்களில் ஒருவர் எட்டு மணி நேரத்தில் 20 தாள் திருத்த வேண்டும். தாளுக்கு 24 நிமிடம். பார்க்கத் தாராளமாகத் தெரியும், ஆனால் 38 கேள்விக்கும் அரை மதிப்பெண் அரை மதிப்பெண்ணாகப் போட்டுக் கூட்டவும் வேண்டும் என்றால் அது அவ்வளவு தாராளமில்லை.

கணிதத்தில் மாணவருக்கு மிகவும் உதவும் விதி, ஒரு பிழைக்கு ஒரே முறைதான் மதிப்பெண் குறைக்கலாம் என்பது. 7 மீட்டர் ஆரமும் 24 மீட்டர் உயரமும் உள்ள கூம்புக் கூடாரத்தின் சாயுயரத்துக்கு ஒரு மதிப்பெண், அதற்கு வேண்டிய துணியின் பரப்புக்கு இரண்டு என்று கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். சாயுயரம் √(49 + 576) = √625 = 25. மாணவர் அதை 26 என்று எழுதிவிட்டார். பரப்புக்கு πrl என்று சரியாகச் சூத்திரம் போட்டு, 22/7 × 7 × 26 = 572 சதுர மீட்டர் என்கிறார். உண்மையான விடை 550. ஆனால் இரண்டாம் பகுதியில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, முதலில் வந்த தப்புதான் கூடவே வந்திருக்கிறது. முதல் பகுதியில் அரை மதிப்பெண் போகலாம். இரண்டாம் பகுதியில் இறுதி எண் ஒத்துவரவில்லை என்று மறுபடி குறைத்தால் அது விதிமீறல்.

விடைக்குறிப்பில் இல்லாத வழியில் போட்டாலும், வழி சரியென்றால் மதிப்பெண் உண்டு. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்துவதற்குப் பதில் சூத்திரத்தில் போட்டதற்காகக் குறைக்கக் கூடாது, கேள்வியே ஒரு முறையைக் குறிப்பிட்டிருந்தால் தவிர. படிகளுக்கு மதிப்பெண் பிரித்திருக்கும் கணக்கில் விடையை மட்டும் எழுதி வைத்தவர் வாதாட இடம் குறைவு.

ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதி, எதையும் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? முதல் 20 கேள்விகளில் முதலில் எழுதியதுதான் கணக்கு. 21 முதல் 38 வரை எது அதிக மதிப்பெண் பெறுமோ அது எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஒரு மதிப்பெண் கேள்வியில் மனம் மாறினால் பழையதைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.

இனி பிழைகள். திருத்துபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை வாரியமே தன் அறிவுரையில் பட்டியலிடுகிறது. ஒரு பகுதியைத் திருத்தாமலே விடுவது, உள்பக்க மதிப்பெண்ணை முகப்புப் பக்கத்துக்குத் தப்பாக மாற்றி எழுதுவது, அங்கே கூட்டலில் தவறுவது, எண்ணாலும் எழுத்தாலும் எழுதியது ஒத்துப்போகாதது. விடைக்கு டிக் அடித்துவிட்டு மதிப்பெண் போடாமல் போவதும் அதில் உண்டு. கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூடக் கணித அறிவுக் குறைவால் வருவதில்லை. எல்லாம் களைப்பாலும் அவசரத்தாலும் வருபவை.

விடைத்தாள் நகலைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று, சிபிஎஸ்இ தொடர்ந்த வழக்கில் உறுதிசெய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தேர்வு எழுதியவர் தன் தாளைப் பார்க்கலாம், ஆனால் திருத்தியவர் பெயர் மறைக்கப்படும். 2025 முதல் வாரியம் வரிசையையும் மாற்றியிருக்கிறது. முதலில் நகல், அதைப் பார்த்தபின் மதிப்பெண் சரிபார்ப்போ மறுமதிப்பீடோ இரண்டுமோ கேட்கலாம். கட்டணமும் கடைசித் தேதியும் அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் இருக்கும். நாட்கள் மிகக் குறைவு.

நகல் வந்ததும் முகப்பில் எழுதியிருக்கும் வினாத்தாள் குறியீட்டைப் பாருங்கள். வினாத்தாளில் பல செட்கள் உண்டு, கேள்வி வரிசை மாறும். அந்தச் செட்டுக்கு உரிய விடைக்குறிப்பைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பகுதிகள் உள்ள கேள்வியில் ஒவ்வொரு பகுதிக்கும் வலது ஓரத்தில் மதிப்பெண் இருக்கும், அவற்றின் கூட்டல் இடது ஓரத்தில் வட்டமிட்டிருக்கும். பகுதி இல்லாத கேள்விக்கு இடது ஓரத்திலேயே வட்டமிட்டிருக்கும். இடது ஓர வட்டங்களை மட்டும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, முகப்புப் பக்கக் கட்டங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கூட்டலும் மாற்றி எழுதியதும் விடுபட்டதும் இதிலேயே பிடிபடும், அதற்கு மதிப்பெண் சரிபார்ப்பே போதும்.

படிகளுக்குப் போட்ட மதிப்பெண் விடைக்குறிப்போடு ஒத்துவராவிட்டால் மட்டும் மறுமதிப்பீடு. அதற்குக் கேள்வி எண்களைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் கேள்வி வாரியாகத்தான். மதிப்பெண் கூடினால் கூடும், ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததே நிற்கும். எனவே தாராளமாகப் போடப்பட்டிருப்பதாக உங்களுக்கே தோன்றும் கேள்வியை விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள்.